வியூகக் கணினி விளையாட்டுகளில் சோழர் கடல்: திணைக் கோட்பாட்டு நோக்கில் வடசென்னைக் கரையிலிருந்து ஒரு வாசிப்பு

ஆய்வுச்சுருக்கம்

சோழரின் கடல் வரலாற்றை ஆடுபொருளாகக் கொண்ட இரு வியூகக் கணினி விளையாட்டுகள் அண்மை ஆண்டுகளில் உலகெங்கும் ஆடப்பட்டு வருகின்றன. 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' விளையாட்டின் 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' விரிவாக்கமும் (2022), 'சிவிலைசேஷன் 7' விளையாட்டும் (2025) அவை. இவற்றின் காட்சிகளை விடுத்து விதிகளையே பனுவலாகக் கொண்டு, தொல்காப்பியம் வகுத்த திணைக் கோட்பாட்டின் துணையுடன் இக்கட்டுரை வாசிக்கிறது. நெய்தல் நிலத்தின் முதற்பொருளும் கருப்பொருளும் இவ்விளையாட்டுகளில் இடம்பெற, உரிப்பொருள் மட்டும் இடம்பெறாமை சுட்டப்படுகிறது. முதலாம் இராசேந்திரன் காலக் கோயில் நிற்கும் திருவொற்றியூரும், மீன்வளம் குன்றிவரும் எண்ணூர்க் கழியும் இவ்வாசிப்பின் உரைகல்லாக அமைகின்றன.

திறவுச்சொற்கள்: வியூக விளையாட்டு, நெய்தல், காஞ்சித்திணை, மெய்க்கீர்த்தி, திருவொற்றியூர், எண்ணூர், பாடு முறை.

முன்னுரை

தமிழ்நாட்டில் கணினி விளையாட்டு பற்றிய பொதுப்பேச்சு பெரும்பாலும் தடை, அடிமைத்தனம், சூதாட்டம் என்னும் மூன்று சொற்களைச் சுற்றியே நிகழ்ந்து வந்துள்ளது. 2020 செப்டம்பரில் 'பப்ஜி மொபைல்', 2022 பிப்ரவரியில் 'ஃப்ரீ ஃபயர்' ஆகியன இந்தியாவில் தடைசெய்யப்பட்டன. 2021 ஜூலையில் வெளிவந்த 'பிஜிஎம்ஐ' 2022 ஜூலையில் நீக்கப்பட்டு 2023 மே மாதத்தில் திரும்பி வந்தது. இணையவழிச் சூதாட்டத்தைத் தடைசெய்யும் தமிழ்நாட்டுச் சட்டம் 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதலைப் பெற்றது. இவையெல்லாம் தேவையான விவாதங்களே. எனினும் விளையாட்டைக் கேடு தரும் பொருளாக மட்டுமே காணும் பார்வை, அதனை ஒரு பனுவலாக வாசிக்கும் திறனாய்வுக்கு இடம் தருவதில்லை. திரைப்படத்துக்கும் தொலைக்காட்சித் தொடருக்கும் தமிழ்த் திறனாய்வு அளித்த கவனம் இன்னும் விளையாட்டுகளுக்குக் கிட்டவில்லை.

இந்நிலையில் தமிழர் வரலாறே ஆடுபொருளாகியுள்ளது. கைப்பேசியில் துப்பாக்கிச் சண்டை ஆடும் இளைஞரோடு, கணினித் திரையில் சோழப் படை நடத்தும் இளைஞரும் இன்று உள்ளனர். தம் ஊர்ப் பெயரையும் தம் மொழியின் ஒலியையும் ஓர் உலக விளையாட்டில் கேட்கும் தமிழருக்கு அது ஓர் அங்கீகாரமாகவே தோன்றும். அந்த மகிழ்ச்சி நியாயமானதே. ஆயினும் அங்கீகரிக்கப்படுவது எது, விடுபடுவது எது என்னும் வினா எஞ்சுகிறது. அதற்கு விடைகாண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

விதியே பனுவல்

ஒரு விளையாட்டில் கோபுரம் எவ்வாறு வரையப்பட்டுள்ளது என்பது புறத்தோற்றம். எதற்குப் பயன் உண்டு, எதற்கு விலை உண்டு, எப்போது வெற்றி என்பவற்றை வரையறுக்கும் விதிகளே அதன் இலக்கணம். ஆடுபவர் நூறு மணிநேரம் ஆடியபின் ஓவியத்தை மறக்கலாம். விதி அவரது சிந்தனைப் பழக்கமாகியிருக்கும். எனவே விதிகளை வாசிப்பதே இங்கு முதன்மையான முறையியலாகக் கொள்ளப்படுகிறது.

2022 ஏப்ரலில் வெளியான 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா', 'திராவிடர்' என்னும் நாகரிகத்தை அறிமுகப்படுத்தியது. மொழிக்குடும்பப் பெயராகக் கால்டுவெல் 1856-இல் தம் ஒப்பிலக்கணத்தின் வழி நிலைநிறுத்திய சொல், இங்கு ஓர் இடைக்கால அரசின் பெயராகியுள்ளது. கடற்படையும் காலாட்படையும் இந்நாகரிகத்தின் வலிமைகள். குதிரைப்படையோ வலிமை குன்றியது. சுருள்வாள் வீரர் இதன் தனிப்படை. 'திரிசடை' எனப் பெயரிடப்பட்ட போர்க்கப்பலும் உண்டு. உருக்கு எஃகின் பெயரிலான தொழில்நுட்பம் பகைவரின் கவசத்தைப் பயனற்றதாக்குகிறது. இராசேந்திரனின் வாழ்க்கை ஐந்து கட்டங்களாக ஆடப்படுகிறது. இவற்றுக்கிடையே அதிகம் பேசப்படாத ஒரு சலுகையும் உள்ளது: இந்நாகரிகத்தின் மீனவரும் மீன்பிடிப் படகுகளும் பிறரைவிட 15 அலகு கூடுதலாக மீன் சுமக்கலாம்.

அந்தச் சலுகை கூர்ந்து நோக்கத்தக்கது. தமிழ்க் கடலின் சிறப்பு மீனவரிடம் உள்ளது என விளையாட்டு ஒப்புக்கொள்கிறது. ஆனால் அச்சிறப்பை அவர் சுமக்கும் எடையாகவே அளக்கிறது. காற்றையும் நீரோட்டத்தையும் அறிந்த அறிவு அங்கு விதியாகவில்லை. மீன் தீர்ந்தால் படகு வேலையற்று நிற்கும். வேலையின்றி நிற்கும் குடியானவரைக் காட்டிக்கொடுக்கும் பொத்தான் ஒன்றும் திரையில் உண்டு. ஓய்வு என்பது இங்கே ஆடுபவரின் பிழை. 1918-இல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளரைக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிய வடசென்னைக்கு, ஓய்வைப் பிழையாகக் கருதும் கணக்கு புதியதன்று; அக்கணக்கை எதிர்த்த வரலாறும் அதற்குண்டு.

புறத்திணையும் விளையாட்டின் வரிசையும்

வியூக விளையாட்டின் போக்கு தொல்காப்பியப் புறத்திணை வரிசையோடு வியப்பூட்டும் அளவுக்கு ஒத்துச் செல்கிறது. 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' ஆட்டத்தின் தொடக்கத்தில் காவலற்ற ஆடுகள், அவற்றைக் கண்ணுறும் எதிரியின் வசமாகிவிடும்; தேர்ந்த ஆட்டக்காரர் முதலில் எதிரியின் ஆடுகளையே கவர முயல்வர். இது வெட்சி. நிலத்தையும் பொன் சுரங்கத்தையும் நாடிப் படையெடுப்பது வஞ்சி. மதிலை முற்றுகையிடுவது உழிஞை. வலிமையைக் காட்டுவதே நோக்காகப் பொருவது தும்பை. முடிவில் திரையில் தோன்றும் வெற்றி அறிவிப்பும் புள்ளிப் பட்டியலும் வாகை.

தொல்காப்பியர் தும்பையை நெய்தலுக்குப் புறனாக வகுத்தார் என்பது இங்குக் கருதத்தக்கது. கடற்கரையின் அகம் இரங்கல். அதன் புறம் இருதரப்பும் வீழும் பெரும்போர். உரையாசிரியர் இதற்குப் பல காரணங்கள் கூறுவர். எவ்வாறாயினும், கடற்கரையில் நிகழும் போரையும் அக்கரையில் காத்திருப்போரின் துயரையும் ஒரே இலக்கணத்தின் இரு பக்கங்களாகத் தமிழ் மரபு கண்டது தெளிவு. விளையாட்டு ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. கடல், கப்பல், துறை, மீன், வலைஞர் என நெய்தலின் முதலும் கருவும் திரையில் நிறைந்துள்ளன. இரங்கலுக்கு மட்டும் விதி இல்லை.

வாகையோடு நின்றுவிடுவது மற்றொரு குறை. தொல்காப்பிய வரிசையில் வாகைக்குப் பின் காஞ்சி உண்டு. வென்றவர்க்கும் நிலையாமை உண்டு என்பதை வெற்றிக்கு அடுத்தபடியாகவே வைத்தது அந்த இலக்கணம். விளையாட்டோ வாகையில் அணைந்து, மறு ஆட்டத்துக்கு அழைக்கிறது.

மெய்க்கீர்த்தியும் தச்சனின் பெயரும்

இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி, ஸ்ரீவிசயம், கடாரம் முதலிய கடல்கடந்த இடங்களை வரிசையாக அடுக்குகிறது. 1025-ஆம் ஆண்டளவில் நிகழ்ந்த இப்படையெடுப்பின் நோக்கம் வணிகமா, கொள்ளையா, புகழா என்பதில் வரலாற்றறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் மெய்க்கீர்த்தியின் நடையில் ஐயமில்லை: வினைகள் அனைத்துக்கும் எழுவாய் மன்னன் ஒருவனே. கலம் கட்டியவர், பாய் விரித்தவர், கரைசேராதவர் அங்கு இடம்பெறுவதில்லை. அவ்வகையில் இராசேந்திரன் ஆட்டத்தொடர் மெய்க்கீர்த்தியின் நேர் வாரிசு. ஆடுபவரே எழுவாய், படைவீரர் பெயரற்ற செயப்படுபொருள்.

சோழர் ஆவணங்கள் எல்லாம் இவ்வாறு அமைந்தவை அல்ல என்பதற்குச் சான்று வடசென்னையிலேயே உள்ளது. திருவொற்றியூர்க் கோயிலின் கருங்கல் விமானம் முதலாம் இராசேந்திரன் காலத்தில் சதுரானன பண்டிதரின் முயற்சியால் எழுந்தது. அதனைக் கட்டியவர் வீரசோழத் தச்சன் என்னும் சிறப்புப் பெயர் பெற்ற இரவி என்பதைக் கல்வெட்டு பதிவுசெய்துள்ளது. மன்னனின் நலம் கருதி எடுக்கப்பட்ட கோயிலிலும் தச்சனின் பெயருக்கு இடமிருந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் வந்த விளையாட்டில், கோயில் கட்டும் குடியானவரைச் சொடுக்கினால் அவருக்குப் பெயர் இல்லை. எஞ்சிய உயிர்ப்புள்ளிகளின் எண்ணிக்கை மட்டும் உண்டு. கல்வெட்டினும் பிந்திய ஊடகம் கல்வெட்டினும் குறைவாகவே நினைவுகூர்கிறது.

வணிகக் குழுவும் காலமாற்றமும்

2025 பிப்ரவரியில் வெளியான 'சிவிலைசேஷன் 7' இவ்வகையில் ஒரு படி முன்னேறியது. அதில் சோழ நாகரிகத்தின் சிறப்புக் கட்டடங்கள் அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்னும் வணிகக் குழுக்களின் பெயர்களைத் தாங்குகின்றன. இரண்டும் ஒருங்கே அமையும்போது ஐந்நூற்றுவரை நினைவூட்டும் வணிகப் பகுதி உருவாகிறது. வாளைவிட வணிகத்தைச் சோழரின் அடையாளமாக்கியது வரலாற்று நோக்கில் பாராட்டத்தக்கது. எனினும் 849-ஆம் ஆண்டின் தரிசாப்பள்ளிச் செப்பேடு அஞ்சுவண்ணத்தையும் மணிக்கிராமத்தையும் சேரநாட்டுக் கொல்லத்தில் காட்டுகிறது. ஐந்நூற்றுவரின் 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு சுமத்திராவின் பாருசில் கிடைத்தது. அரசெல்லைகளைக் கடந்து இயங்கியதே இக்குழுக்களின் இயல்பு. விளையாட்டு அவற்றை ஓர் அரசின் உடைமையாக்கிவிட்டது.

வெளியீட்டின்போதிருந்த அமைப்பில், மூன்று காலங்களுள் நடுவில் உள்ளதில் மட்டுமே சோழர் இடம்பெற்றனர். தொன்மைக் காலத்தில் மௌரியர், நடுவில் சோழர், நவீன காலத்தில் முகலாயர் என்பதே இந்தியாவுக்கு வகுக்கப்பட்ட இயல்பான வழி. புகாரும் கொற்கையும் இருந்த காலத்துக்குத் தமிழ் நாகரிகம் இல்லை. 1856-இல் இராயபுரத்தில் தென்னிந்தியாவின் முதல் தொடர்வண்டி நிலையம் திறக்கப்பட்ட காலத்துக்கும் இல்லை. தமிழர் கடல் என்றால் சோழர் காலம் மட்டுமே என்னும் பொதுப்புத்தி இங்கு விதியாக உறைந்துள்ளது.

கழியின் கணக்கு

விளையாட்டில் மீன் தீர்வதற்கு ஒரே காரணம், அதைப் பிடித்துவிடுவது. எண்ணூரில் மீன் குறைவதற்கான காரணங்கள் வேறு. கொசஸ்தலையாற்றின் கழிமுகத்தைச் சூழ அனல்மின் நிலையங்கள், துறைமுகங்கள், வேதியாலைகள் எழுந்தன. சாம்பல் கழியில் படிந்தது. 2017 சனவரியில் எண்ணூருக்கு அருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழியில் பரவி, படகுகளிலும் வலைகளிலும் படிந்தது. வியூக விளையாட்டின் மொழியில் மின்நிலையமும் துறைமுகமும் வளர்ச்சிப் புள்ளிகள். அவற்றின் விலையைச் செலுத்துபவர் அக்கணக்கில் வருவதில்லை.

விளையாட்டிடம் இதை எதிர்பார்ப்பது மிகையன்றோ என்னும் வினா எழலாம். 2019-இல் வெளியான 'சிவிலைசேஷன் 6' விளையாட்டின் 'கேதரிங் ஸ்டார்ம்' விரிவாக்கம் இதற்கு விடை தருகிறது. நிலக்கரி எரிப்பும் கடல்மட்ட உயர்வும் அதில் விதிகளாயின. பேராசையோடு வளர்ந்த நாட்டின் கரையோர நிலம் நீரில் மூழ்கியது. காஞ்சித்திணையை விதியாக எழுத இயலும் என்பதை அது மெய்ப்பித்தது. எழுதாமை இயலாமையால் அன்று, தேர்வால்.

முறைவைத்து ஆடும் விளையாட்டுக்கு மாற்று மாதிரி ஒன்று எண்ணூருக்கு வடக்கே உண்டு. பழவேற்காடு ஏரியில் மீனவர் கடைப்பிடித்துவரும் பாடு முறையில், வளமிக்க மீன்பிடி இடங்கள் உரிமையுடையோருக்குள் முறைவைத்துப் பகிரப்படுகின்றன. இன்று நல்ல இடம் பெற்றவர் நாளை பிறருக்கு வழிவிட வேண்டும். இம்முறையும் குறையற்றதன்று, குறிப்பிட்ட சமூகத்தாருக்கே உரிமையைத் தந்து பிறரை விலக்குகிறது. ஆயினும் முறை என்பது எதிரியை வீழ்த்தும் வாய்ப்பாக அன்றி, வளத்தை எஞ்சவைக்கும் ஏற்பாடாக இருக்கக்கூடும் என்பதற்கு அது சான்று. விதி வகுக்கும் கலை தமிழ்க் கரைக்கு அயலானதன்று.

இரங்கலை ஆடுதல்

உரிப்பொருளை விதியாக்கிய தமிழ் விளையாட்டு ஒன்றும் உள்ளது. டொராண்டோவைச் சேர்ந்த விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்ட 'வெண்பா', கனடாவுக்குப் புலம்பெயர்ந்த தமிழ்த் தாயைப் பாத்திரமாக ஏற்று ஆடச் செய்கிறது. தாயின் சமையல் குறிப்பேட்டில் அழிந்துபோன வரிகளை ஊகித்து இட்டலியும் பிற உணவும் சமைப்பதே ஆட்டம். இங்கு எதிரி இல்லை. இழந்ததை நினைவால் நிரப்பும் முயற்சியே விதி. மகன் கவினுக்கும் தாய்க்கும் இடையே மொழி விலகிச் செல்லும் துயரை ஆடுபவர் தம் கைகளாலேயே உணர்கிறார். 2024-இல் சிறந்த முதல் விளையாட்டுக்கான பாஃப்டா விருதை அது பெற்றது. படையும் கப்பலும் இன்றியே தமிழ் வாழ்வு உலக விளையாட்டாக இயலும் என்பதை 'வெண்பா' நிறுவியது. எனினும் அது ஒரு வீட்டின் கதை. கடலும் துறையும் உழைப்பும் கொண்ட பெரும்பரப்பில் இரங்கலை விதியாக்கும் வியூக விளையாட்டு இனிமேல்தான் எழுதப்பட வேண்டும்.

முடிவுரை

சோழர் கடலை ஆடுபொருளாக்கிய வியூக விளையாட்டுகள் வெட்சி முதல் வாகை வரை புறத்திணையைப் பின்பற்றிக் காஞ்சியை விடுத்துள்ளன. நெய்தலின் முதலையும் கருவையும் ஏற்று, உரியை நீக்கியுள்ளன. மன்னனை எழுவாயாக்கும் மெய்க்கீர்த்தி மரபைத் தொடர்ந்து, தச்சனின் பெயரைப் பொறித்த கல்வெட்டு மரபைக் கைவிட்டுள்ளன. வணிகக் குழுக்களை ஏற்றது வரவேற்கத்தக்க மாற்றம்; அவற்றை அரசுடைமையாக்கியது அதன் எல்லை.

இராசேந்திரன் ஆட்டத்தொடரை முடித்து வெற்றி அறிவிப்பைக் காணும் திருவொற்றியூர் இளைஞருக்கு, அவன் காலத்து விமானம் நடந்து செல்லும் தொலைவில் உள்ளது. எண்ணெய் படிந்த கழியும் அதிகத் தொலைவில் இல்லை. இவ்விரண்டையும் சேர்த்து வாசிக்கும்போதே அவரது கடலின் வரலாறு முழுமை பெறும். அத்தகைய வாசிப்புக்குத் தேவையான கருவிகள் தமிழ் இலக்கண மரபில் முன்பே உள்ளன. அவற்றைக் கணினித் திரைக்கும் கொண்டு செல்வது தமிழ்த் திறனாய்வின் பொறுப்பு.