கில்டின் கஜானா சாவி யாரிடம்?

ப்ளாக்செயின் விளையாட்டு கில்டுகளைப் பற்றி எழுதுபவர்கள் வழக்கமாக இரண்டு கேள்விகள் கேட்பார்கள்: எத்தனை உறுப்பினர்கள், கஜானாவில் எவ்வளவு டோக்கன்? எனக்கு இரண்டுமே இரண்டாம்பட்சம்தான். ஒருவர் வெளியே போகும்போது அவர் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அந்த கில்டின் லட்சணம் தெரிந்துவிடும்.

ஆக்சி இன்ஃபினிட்டியை எடுத்துக்குவோம். வியட்நாமின் ஸ்கை மேவிஸ் நிறுவனம் உருவாக்கிய விளையாட்டு. அப்போது அதை ஆட மூன்று ஆக்சிகள் வேண்டும். 2021-ல் அவற்றின் விலை ஏறியதும், வாங்க வசதியில்லாதவர்களுக்கு 'ஸ்காலர்ஷிப்' என்ற பெயரில் ஆக்சிகளை இரவல் தரும் கில்டுகள் பெருகின. பிலிப்பைன்ஸின் யீல்ட் கில்ட் கேம்ஸ் அதில் பெரிய பெயர். அப்போது அதன் பங்கீடு: ஆடுபவருக்கு 70 சதவீதம், அவரைச் சேர்த்துப் பழக்கும் மேனேஜருக்கு 20, கில்டுக்கு 10.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் வாலட் சாவி ஸ்காலரிடம் இருக்கவில்லை. அவருக்குக் கிடைத்தது ஒரு க்யூஆர் கோடு. அதை வைத்து உள்ளே போய் ஆடலாம், அவ்வளவுதான். சம்பாதித்த எஸ்எல்பி டோக்கனை 14 நாளுக்கு ஒருமுறை சாவி வைத்திருந்தவர் எடுத்துப் பிரித்துக் கொடுத்தார். அந்த 70 சதவீதத்துக்கு உத்தரவாதம் மேனேஜரின் நாணயம் மட்டுமே. 2021 ஜூலையில் 30 சென்ட்டைத் தாண்டிய எஸ்எல்பி, 2022 நடுவில் ஒரு சென்ட்டுக்கும் கீழே போனது. ஆக்சிகளின் விலையும் விழுந்தது உண்மைதான். ஆனாலும் அவை கில்டிடமே இருந்தன. ஸ்காலர் வெறுங்கையோடு போனார். இதற்குப் பெயர் உறுப்பினரா, கூலியா?

சாவியைக் கொடுத்தால் மட்டும் போதாது, திரும்ப வாங்கவும் தெரியணும். ஆக்சியின் பணம் நடமாடிய ரோனின் பாலத்தில் அப்போது 9 சரிபார்ப்பாளர்கள். அவர்களில் 5 பேர் கையெழுத்திட்டால் பணம் வெளியே போகும். ஸ்கை மேவிஸிடம் 4 சாவிகள் இருந்தன. 2021 நவம்பரில் கூட்டம் தாங்காமல், ஆக்சி டாவ் தன் சார்பிலும் கையெழுத்திட ஸ்கை மேவிஸுக்குத் தற்காலிக அனுமதி தந்தது. டிசம்பரில் ஏற்பாடு முடிந்தது. அனுமதியை மட்டும் யாரும் ரத்து செய்யவில்லை. 2022 மார்ச் 23 அன்று திருடர்கள் அந்த ஐந்தாவது கையெழுத்தையும் சேர்த்து 1,73,600 ஈத்தரையும் 2.55 கோடி யுஎஸ்டிசியையும் எடுத்துக்கொண்டு போனார்கள். ஒரு பயனர் 5,000 ஈத்தர் எடுக்க முடியவில்லை என்று சொன்ன பிறகு, ஆறு நாள் கழித்துத்தான் விஷயமே தெரிந்தது.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. 2019-ல் வந்த மோலோக் டாவ் விளையாட்டு அல்ல. எதீரியம் வளர்ச்சிக்கு நிதி தரும் அமைப்பு. ஆனால் அதன் பொதுக் கஜானாவின் பெயரே 'கில்ட் பேங்க்'. அதில் ஒரு முடிவு வாக்கெடுப்பில் நிறைவேறினாலும் உடனே பணம் போகாது. நடுவில் அவகாசம் உண்டு. ஆதரித்து வாக்களிக்காதவர் அதற்குள் தன் பங்குகளை அழித்து, அதற்குரிய தொகையோடு வெளியேறலாம். பெயர் 'ரேஜ்க்விட்', கோபத்தில் ஆட்டத்தைவிட்டு ஓடுபவர்களைச் சொல்லும் விளையாட்டுக்காரர்களின் வார்த்தைதான். பணம் போடாதவருக்கும் செய்த வேலைக்காகப் பங்கு தர அங்கே வழி இருக்கிறது.

இஷ்டத்துக்கு வெளியேறினால் கில்ட் நிற்குமா என்று கேட்கலாம். ஆட்கள் போய்விடுவார்கள் என்ற பயம் இருந்தால்தான் நடத்துபவர்கள் ஒழுங்காக நடத்துவார்கள் என்பது என் பதில். நிஜச் சிக்கல் வேறு: டோக்கனைப் பிரிக்கலாம், ஒரு ஆக்சியை நாலாக வெட்ட முடியாது. ஆக, ஆடுபவருக்குக் கூலியோடு கஜானாவில் பங்கும் சேரணும். வெளியேறும்போது அதை டோக்கனாகத் தர ஒரு இருப்பும் வேணும்.

அது இல்லாத கில்ட் உங்களை 'உறுப்பினரே' என்று அழைத்தால், சாவி யாரிடம் என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.