கண்காணி, கங்காணி, முகாம்

பொது சுகாதாரத் துறை நோயைத் தேடிப் பதிவுசெய்வதைக் ‘கண்காணிப்பு’ என்று எழுதுகிறது. போலீசும் தன் வேலைக்கு அதே சொல்லைத்தான் எழுதுகிறது. தமிழில் அப்படியென்ன சொல் பஞ்சம்? எச்.ஐ.வி.யோடு வாழும் அகதியைப் பற்றிப் பேச வேண்டுமானால் இந்த ஒற்றைச் சொல்லிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. அவரை இரண்டு கண்காணிப்புகளும் ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

நன்னிலத்தில் உட்கார்ந்துகொண்டு எழுதுகிறவனை இந்தச் சொல் இன்னும் கொஞ்சம் உறுத்துகிறது. கங்காணி என்பது கண்காணியின் மரூஉ. தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து கடன்பட்ட சனங்களை இலங்கைத் தோட்டங்களுக்கு ஓட்டிக்கொண்டு போனவன் அவன். போனவர்கள் கடல் தாண்டுமுன் மண்டபத்தில் நிறுத்தப்பட்டார்கள். இலங்கை அரசு அங்கே நடத்தியது தொற்றுநோய்த் தடுப்பு முகாம். காலரா உண்டா, அம்மை உண்டா என்று நாள்கணக்கில் அடைத்துவைத்துப் பார்த்து, அம்மை குத்தி, அதன் பிறகே தனுஷ்கோடிக்கு அனுப்பினார்கள். 1983க்குப் பிறகு எதிர்த்திசையில் வந்த ஈழத்தமிழர்கள் பதிவுசெய்யப்பட்டதும் அதே மண்டபத்தில்தான். ஆளின் பெயரைக் கேட்பதற்கு முன்பே உடலைச் சந்தேகித்த இடம் அது.

எச்.ஐ.வி.யின் இந்திய வரலாறும் அடைபட்ட உடலிலிருந்தே தொடங்குகிறது. 1986இல் சென்னையில் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் முதன்முதலாக அதைக் கண்டறிந்தார்கள். பெரிய மருத்துவச் சாதனை, சும்மா சொல்லக்கூடாது. ஆனால் ரத்தம் எடுக்கப்பட்டது பாலியல் தொழிலாளர்களிடம்; அவர்களில் பலர் அரசுக் காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்தவர்கள். தண்டனைக் காலம் முடிந்த பிறகும் தொற்றைக் காட்டி உள்ளேயே வைக்கப்பட்ட பெண்கள் 1990இல் உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகே வெளியே வந்தார்கள்.

தொண்ணூறுகளில் சிறுபத்திரிகைகளில் நாம் மாய்ந்து மாய்ந்து விவாதித்த ஃபூக்கோ, 1975இல் எழுதிய நூலில் இரண்டு அதிகார வடிவங்களைப் பிரித்துக் காட்டினார். தொழுநோயாளியை ஊருக்கு வெளியே தள்ளுவது ஒன்று. கொள்ளைநோய் கண்ட ஊரில் ஒவ்வொருவரையும் தத்தம் ஜன்னலில் நிற்கவைத்துப் பெயர் கூப்பிட்டுக் கணக்கெடுப்பது மற்றொன்று. ஒதுக்குதல் ஒன்று, ஒழுங்குபடுத்தல் ஒன்று. அவரே 1984 ஜூனில் எயிட்ஸால் இறந்தார். நம் விவாதங்களில் அந்தச் சாவு ஒரு வம்புச் செய்தியாகவே வந்துபோனது என்பது என் மனக்குறை. முகாம் இந்த இரண்டு வடிவங்களையும் ஒன்றாகக் கட்டிவைத்திருக்கிறது. ஊருக்கு வெளியே தள்ளவும் செய்கிறது, பெயர் கூப்பிடவும் செய்கிறது.

இதற்கு அப்பட்டமான உதாரணம் குவாந்தனாமோ. 1991இல் அரிஸ்டீடின் ஆட்சி கவிழ்க்கப்பட்டபின் படகேறிய ஹெய்தி மக்களை அமெரிக்கா கடலிலேயே மறித்தது. புகலிடம் கேட்க நியாயம் உண்டு என்று அமெரிக்க அதிகாரிகளே ஒப்புக்கொண்டவர்களில், எச்.ஐ.வி. இருந்த சுமார் 270 பேரும் உறவினரும் முள்வேலிக்குள் நிறுத்தப்பட்டார்கள். உண்ணாவிரதம் இருந்தார்கள். 1993 ஜூனில் ஒரு நீதிபதியின் உத்தரவுதான் அவர்களை விடுவித்தது. எச்.ஐ.வி. உள்ளவர்கள் நுழையத் தடை என்ற விதியை அமெரிக்கா 2010 ஜனவரியில்தான் கைவிட்டது.

நம்மூரில் முள்வேலி வேண்டியதில்லை, வாய் போதும். “அவங்ககிட்ட இதெல்லாம் ஜாஸ்தியாமே” என்று என்னிடம் சொன்னவர் நாம் படிக்கிற அதே பத்திரிகைகளைப் படிக்கிற தோழர். ‘ஊடுருவல்’ என்ற சொல்லை வைரசுக்கும் அகதிக்கும் மாற்றி மாற்றிப் போட்டுப் பழகிய மூளை வேறெப்படிப் பேசும்? நோய் எப்போதும் வெளியிலிருந்து படையெடுத்து வருவதாகச் சொல்லப்படுவதை சூசன் சோன்டாக் 1989லேயே எழுதிவிட்டார். ஏழு ஆப்பிரிக்க நாடுகளின் தரவுகளை ஆராய்ந்து 2007இல் ‘லான்செட்’ வெளியிட்ட கட்டுரையின்படி, பெரும்பாலான அகதி முகாம்களில் தொற்று சுற்றியுள்ள ஊர்களைவிடக் குறைவாகவே இருந்தது. இங்கே எத்தனை பேருக்கு இருக்கும் என்று உடனே கேட்பவர்களிடம் நான் சொல்வது: அது கங்காணியின் கேள்வி.

சரி, சட்டம்? 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. ஆனால் 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம் பாகுபாட்டைத் தடுக்கும் இடத்தில் ‘குடிமகன்’ என்று பேசாமல் ‘நபர்’ என்கிறது. அகதிக்கு அது ஒரு திறந்த கதவு. அதே சட்டம் கூட்டு மருந்தைத் தருவதைப் பற்றிப் பேசும்போது ‘இயன்றவரை’ என்று ஒரு சொல்லைச் செருகிக்கொள்கிறது. யாருக்கு இயன்றவரை?

மருந்து 2004 ஏப்ரலிலிருந்தே அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசம். விடாமல் சாப்பிட்டால் வைரஸ் சோதனையில் தென்படாத அளவுக்கு அடங்கும். அப்படி அடங்கியே இருப்பவரிடமிருந்து உடலுறவு வழியாகத் தொற்றாது. விட்டுவிட்டுச் சாப்பிட்டால் மருந்துக்கு மசியாத வைரஸ் வளரும். ஆக, எல்லாம் மாத்திரை கைக்கு வருகிற ஒழுங்கில் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் ஒருவர் பக்கத்து ஆஸ்பத்திரியை விட்டுவிட்டுத் தெரிந்த முகம் இல்லாத ஊருக்குப் பஸ் ஏறி மருந்து வாங்கி வரலாம். அந்த டிக்கெட் காசுதான் ரகசியத்தின் விலை. முகாம்வாசி என்ன செய்வார்? சுவரோடு சுவர் ஒட்டிய வீடு, பொதுக் குழாய், வெளியே தங்க அனுமதி, மாதக் கணக்கெடுப்பு நாளில் வருவாய்த் துறைக்கும் க்யூ பிரிவுக்கும் முன்னால் நேரில் நிற்க வேண்டிய வழக்கம். அன்றைக்கு ஆள் இல்லையென்றால் உதவித்தொகைக்குச் சிக்கல். “எங்க போனே?” என்று கேட்பார்கள். பதில் சொன்னால் முகாமுக்கே தெரிந்துவிடும்.

2021இல் தமிழக அரசு ‘அகதிகள் முகாம்’ என்பதை ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. பலகை மாறியது நல்லதுதான். வருகைப் பதிவேட்டிலும் ஒரு வரி மாறட்டும்: அரசு ஆஸ்பத்திரியின் சீட்டு எதுவானாலும், எந்தப் பிரிவு, என்ன நோய் என்று கேட்காமல், அன்றைய வருகையாக ஏற்றுக்கொள்ளப்படும் என்று. கூடவே, மூன்று மாத மருந்தை மொத்தமாகக் கையில் கொடுத்தனுப்பலாம். கொரோனா காலத்தில் ஊர் அடைந்து கிடந்தபோது பல மாத மருந்தை ஒன்றாகக் கொடுக்க முடிந்ததுதானே.