செவ்வாய்க்குப் புறப்பட்டு நிலவில் விழுந்தோர்

பிறை பார்க்க மாடிக்கு ஏறும் பிள்ளைகள் பிறையைக் கண்டதும் சும்மா இருப்பதில்லை. அங்கே போக முடியுமா, போனால் திரும்ப முடியுமா என்று கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். கேள்வி அவ்வளவில் நின்றால் வீட்டுப் பெரியவர்களுக்குத் தொல்லையில்லை. காலத்தின் ஊடே முன்னும் பின்னும் சென்று வரும் கப்பல் ஒன்று நிலவில் போய் விழுந்த கதையைப் பிள்ளை எங்கிருந்தோ அறிந்து வந்து பேசும்போதுதான் சிக்கல் எழுகிறது. "நடக்காததை நடந்ததாகச் சொல்வது பொய்யல்லவா? நாளை நடப்பதை அல்லாஹ் ஒருவனே அறிவான். நாளைக்கே போய்ப் பார்த்து வந்தேன் என்று ஒருவன் சொல்லும் கதையை நம் வீட்டுக்குள் விடலாமா?" என்று பெரியவர் ஒருவர் நம்மிடம் கேட்டார். வினா நேர்மையானது, சிரித்து ஒதுக்கத் தக்கதன்று. ஆகவே, அத்தகைய கதைகளுள் ஒன்றையே எடுத்து வைத்துக்கொண்டு, அது என்ன சொல்ல வருகிறது, சொல்வதில் எங்கே வெல்கிறது, எங்கே சறுக்குகிறது என்று பார்ப்பதே முறை.

நாம் எடுத்துக்கொள்வது 'மூன்பேஸ்' எனும் ஆங்கிலத் தொலைக்காட்சி நாடகம்; நிலவுத் தளம் என்று பொருள். 1963 நவம்பர் 23 அன்று பி.பி.சி. தொடங்கிய 'டாக்டர் ஹூ' என்னும் நெடுந்தொடரில் ஒரு கதை இது. 1967 பிப்ரவரி 11 முதல் மார்ச் 4 வரை நான்கு சனிக்கிழமைகளில் நான்கு பகுதிகளாக ஒளிபரப்பாயிற்று. எழுதியவர் கிட் பெட்லர். இயக்கியவர் மாரிஸ் பாரி. டாக்டராக நடித்தவர் பேட்ரிக் டிரவுட்டன். அந்த நாளை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். ஓராண்டுக்கு முன் 1966 பிப்ரவரி 3 அன்று ரஷ்யரின் லூனா 9 நிலவில் இறங்கிப் படங்கள் அனுப்பியிருந்தது. மனிதன் எவனும் இன்னும் கால் வைக்கவில்லை. நாடகத்தின் முதற்பகுதி வருவதற்குப் பதினைந்து நாள் முன்னர், ஜனவரி 27 அன்று, அமெரிக்கரின் அப்பல்லோ கலம் தரையில் நடந்த ஒத்திகையிலேயே தீப்பற்றி மூன்று வீரர்கள் மாண்டனர். நிலவுப் பயணம் விளையாட்டன்று என்பதை உலகம் துயரத்தோடு அறிந்திருந்த வேளையில் வந்த கதை இது.

கதையின் தொடக்கம் ஒரு வீறாப்பு. டாக்டரின் கப்பலுக்கு டார்டிஸ் என்று பெயர். வெளித்தோற்றத்தில் அது தெருவோரத்து நீலநிறப் போலீஸ் பெட்டி. உள்ளே நுழைந்தால் விசாலமான கூடம். காலத்தையும் வெளியையும் கடக்கும் அக்கப்பலை நினைத்த இடத்தில் கொண்டு நிறுத்த மட்டும் அவருக்கு இயலாது. அந்தக் குறையை உடன் வருவோர் சுட்டியதும் அவருக்கு ரோஷம் வருகிறது. இதோ, உங்களைச் செவ்வாய்க் கோளுக்கே கொண்டுபோகிறேன் பாருங்கள் என்று விசைகளைத் திருப்புகிறார். கப்பல் கட்டுக்கடங்காமல் தடுமாறுகிறது. உள்ளே இருப்போர் உருண்டு புரள்கின்றனர். கதவைத் திறந்தால் செவ்வாய் இல்லை, நிலவு. ஆண்டு 2070.

இந்த இடத்தைப் பார்க்கும்போதெல்லாம் நமக்குத் திருக்குர்ஆனின் பதினெட்டாம் அத்தியாயமான 'கஹ்ஃப்' நினைவுக்கு வருகிறது. நாளை இதைச் செய்வேன் என்று எதைப் பற்றியும் 'அல்லாஹ் நாடினால்' என்று சேர்க்காமல் கூறவேண்டாம் என்னும் கட்டளை அதில்தான் இருக்கிறது. அக்கட்டளை அமைந்திருக்கும் இடத்தையும் கவனிக்க வேண்டும். குகைத் தோழர்களின் வரலாற்றுக்கு நடுவிலே அது வருகிறது. ஒரு நாளோ அதிற் பாதியோ உறங்கினோம் என்று எண்ணி எழுந்து, வெள்ளிக் காசோடு ஒருவரை உணவு வாங்க அனுப்பினார்களே, அவர்களின் வரலாறு. முந்நூறும் ஒன்பதும் என்ற ஆண்டுக் கணக்கும், எவ்வளவு காலம் தங்கினர் என்பதை அல்லாஹ்வே நன்கறிந்தவன் என்ற சொல்லும் அடுத்தடுத்து வருகின்றன. வேதம் கூறும் வரலாற்றையும் ஒரு மனிதன் கட்டிய கதையையும் நாம் ஒரே தட்டில் வைக்கவில்லை. அந்தப் பிழை நமக்கு வேண்டாம். ஆயினும், காலத்தைப் பற்றிப் பேசும்போதே 'நாளை' என்ற சொல்லின்மேல் எச்சரிக்கை வைக்கப்பட்டிருப்பதை அறிந்த வாசகனுக்கு, செவ்வாய்க்குப் போகிறேன் என்று மார்தட்டி நிலவில் விழுந்த மனிதர் ஓர் அன்னியராகத் தோன்றமாட்டார்.

பொய் என்னும் குற்றச்சாட்டுக்கு வருவோம். நிலவுக் கதைகளில் மிகப் பழையவற்றுள் ஒன்றை எழுதியவர் லூசியன். கி.பி. இரண்டாம் நூற்றாண்டினர், சிரிய நாட்டுச் சமோசாட்டாவில் பிறந்து கிரேக்க மொழியில் எழுதியவர். அவருடைய கதையில் கடலில் சென்ற கப்பலைச் சூறாவளி ஒன்று தூக்கிச் சென்று, ஏழு பகல் ஏழு இரவு வானிலே மிதக்கவிட்டு, எட்டாம் நாள் நிலவில் கொண்டு சேர்க்கிறது. அவர்களும் அங்கே போகத் திட்டமிட்டவர்களல்லர். நூலின் பெயரோ 'உண்மை வரலாறு'! முகப்பிலேயே ஆசிரியர், நான் கூறப்போவது எதுவும் உண்மையன்று, யாரும் நம்பவேண்டாம் என்று அறிவித்துவிடுகிறார். சொல்பவனும் கேட்பவனும் அறிந்தே செய்துகொள்ளும் ஏற்பாட்டில் ஏமாற்றப்படுபவன் யார்? கிஸ்ஸாக்களைக் காதால் கேட்டு வளர்ந்த நம் குடும்பங்களுக்கு இந்த ஏற்பாடு புதியதும் அன்று.

லூசியனுக்குப் பிறகு வந்தோரும் நிலவில் ஒழுங்காக இறங்கினார்களில்லை. ஜூல்ஸ் வெர்னின் பயணிகள் பீரங்கிக் குண்டுக்குள் அமர்ந்து சென்று, வழியில் திசை மாறி, நிலவைச் சுற்றிவிட்டுக் கால் பதியாமலே திரும்பினர். எச்.ஜி. வெல்ஸ் 1901இல் எழுதிய நாவலில் இருவர் உருண்டையான கலத்தோடு உறைபனிச் சரிவில் விழுந்து உருள்கின்றனர். காலப் பயண இயந்திரத்தை 1895இல் வேறொரு நாவலில் படைத்தவரும் இதே வெல்ஸ்தான். ஆனால் நிலவையும் காலத்தையும் அவர் ஒரே நூலில் சேர்க்கவில்லை. அவ்விரண்டையும் ஒரு முடிச்சில் கட்டியது நாம் பேசும் நாடகம்.

நாளை நடப்பதை இக்கதை சொல்கிறதா? பெரியவரின் இரண்டாவது கேள்வி அது. இக்கதையில் வரும் சைபர் மனிதர்கள் என்னும் பகைவர்கள் 1966 அக்டோபரில் ஒளிபரப்பான வேறொரு கதையில் முதன்முதலாகத் தோன்றினர். அக்கதை 1986ஆம் ஆண்டில் நடப்பதாக எழுதப்பட்டது. அந்த 1986 நம்மைக் கடந்து போய்ப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. வானிலிருந்து எவனும் வந்திறங்கவில்லை. யாரும் கதாசிரியரிடம் கணக்குக் கேட்கவுமில்லை. ஆரூடக்காரனிடம்தான் கணக்குக் கேட்பார்கள்.

இனி நாடகத்தின் உள்ளே செல்வோம். நிலவுத் தளத்தில் கிராவிட்ரான் என்னும் பெரும் பொறி இருக்கிறது. ஈர்ப்பு விசையைக் கையாண்டு பூமியின் மழையையும் புயலையும் ஆளும் பொறி அது. தளத்தில் பல நாட்டு ஆடவர் பணிபுரிகின்றனர், தலைவர் ஹாப்சன். அவர்களிடையே ஒரு கொள்ளை நோய் பரவிக்கொண்டிருக்கும் நேரத்தில், அழையாமல் வந்த விருந்தினராக டாக்டரும் தோழர்களும் நுழைகின்றனர். பென்னும் பாலியும் 1966ஆம் ஆண்டு இலண்டன்காரர்கள். ஜேமி என்னும் இளைஞனோ 1746இல் ஸ்காட்லாந்துப் போர்க்களத்திலிருந்து வந்தவன். அவனுக்கும் ஹாப்சனுக்கும் இடையே முந்நூற்று இருபத்துநான்கு ஆண்டுகள். நிலவின் குறைந்த ஈர்ப்பில் குதித்து விளையாடப் போய் அடிபட்டுக் காய்ச்சலில் படுத்திருக்கும் ஜேமி, நோயாளிகளைத் தூக்கிச் செல்ல வரும் வெள்ளி உருவத்தைக் கண்டு, சாகப்போகிறவனுக்குத் தோன்றுவதாகத் தன் குலத்தார் நம்பும் குழலூதியின் ஆவி என்று பிதற்றுகிறான். அங்கிருந்த நிபுணர்களுக்கு எதுவும் தெரியவில்லை. சைபர் மனிதனைக் கண்டேன் என்று பாலி கூறியபோது, அவர்கள் அழிந்துபோனது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும் என்று அவளை மறுக்கின்றனர். ஏட்டில் படித்தது கண்ணால் கண்டதை வாயடைக்கும் இந்த இடம் நாடகத்தின் மிகச் சிறந்த இடங்களில் ஒன்று.

ஹாப்சனுக்கு வந்தவர்கள்மேல் ஐயம். நோய்க்குக் காரணம் கண்டுபிடிக்க இருபத்துநான்கு மணி நேரம் தருகிறார்; இல்லையேல் வெளியேற வேண்டும். டாக்டரிடம் பாலி, நீங்கள் மெய்யாகவே மருத்துவர்தானா என்று கேட்க, 1888இல் கிளாஸ்கோவில் லிஸ்டரிடம் பட்டம் வாங்கியதாக நினைவு என்கிறார் அவர். லிஸ்டர் 1869லேயே கிளாஸ்கோவை விட்டுப் போய்விட்டார். ஆசிரியரின் கவனப்பிழையோ, டாக்டரின் மறதியைக் காட்டும் குறும்போ, நமக்குப் பிந்தியதாகவே படுகிறது. முடிவில் நோயின் வேர் எங்கே கிடைக்கிறது தெரியுமா? சீனியில்! பகைவர் நஞ்சைச் சீனியில் கலந்திருக்கின்றனர். எல்லாரும் காப்பி குடித்தும் சிலர் மட்டும் வீழ்ந்தது ஏன் என்ற புதிர், சீனி போடாமல் குடிப்போர் தப்பினர் என்றதும் அவிழ்கிறது. வானத்தையே ஆளும் தளத்தின் உயிர்நிலை ஒரு சீனிப் பாத்திரத்தில் இருந்தது என்பது நல்ல கற்பனை. எந்த வீட்டு அடுக்களையிலும் புரியும் கற்பனை.

அதே காப்பியில்தான் நாடகத்தின் ஒரு குறையும் கரைந்திருக்கிறது. 2070இல் நிலவில் பணிபுரிவோருள் ஒரு பெண்ணும் இல்லை. வந்த பாலியிடம் காப்பி போடச் சொல்கிறார்கள். மழையையும் புயலையும் ஆளும் பொறியைக் கற்பனை செய்யத் துணிந்த ஆசிரியருக்குப் பெண் ஒருத்தியை அப்பொறியின்முன் அமர்த்திப் பார்க்கத் தோன்றவில்லை. ஆனால் கதையே அவரைத் திருத்துகிறது. நகச்சாயத்தைக் கரைக்கும் திரவம் சைபர் மனிதர்களின் மார்பிலுள்ள பிளாஸ்டிக் கருவியையும் கரைக்கும் என்று கண்டு சொல்பவள் பாலிதான். அறிவியல் பிழையும் உண்டு. தளத்தின் கூரையில் விழுந்த ஓட்டையைக் காப்பித் தட்டால் அடைக்கிறார்கள். நாம் சுவாசிக்கும் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்குப் பத்து டன்னுக்கும் மேல். வெளியே வெற்றிடம் இருக்க, அந்தத் தட்டு எத்தனை நொடி தாங்கும்? பிள்ளைகளோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்க்கத் தக்க பிழை.

இவற்றினும் பெரிய குறை ஒன்றுண்டு. பெட்லர் மருத்துவ ஆராய்ச்சியாளர். உடலுறுப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால் மனிதன் எந்த இடத்தில் மனிதனாக இல்லாமற் போவான் என்ற அச்சத்திலிருந்து சைபர் மனிதர்களைப் படைத்தார். சாவை வெல்லக் கருதி உடலை மாற்றி, இரக்கத்தையும் வேண்டாததென்று நீக்கிக்கொண்டவர்கள் அவர்கள். இதயத்தின் அருகே மின்கருவி பொருத்திக்கொண்டவர்களும் உலோக மூட்டோடு நடப்பவர்களும் இன்று நம் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களுடைய அன்பு ஒரு தோலாவும் குறையவில்லை. ஆகவே கேள்வி உறுப்பைப் பற்றியதாக இல்லை, எதற்காக மாற்றுகிறோம் என்பதாகிறது. முதற்கதையில் அவர்களுக்குத் துணி போர்த்திய முகமும் வெறும் மனிதக் கைகளும் இருந்தன. அக்கைகளைக் காணும்போது, ஐயோ, இவனும் ஒரு காலத்தில் நம்மவனே என்ற நடுக்கம் வரும். நிலவுத் தளத்திலோ முழுக்க உலோகம். கையும் மறைந்துபோயிற்று, துயரமும் மறைந்துபோயிற்று. மீதியிருப்பது கொல்லத்தக்க பகை மட்டும்.

அந்தப் பகையை எப்படித் தீர்க்கிறார்கள்? கிராவிட்ரானை நிலவின் தரைப்பக்கம் திருப்பி, சைபர் மனிதர்களையும் அவர்களின் கலங்களையும் வானில் வீசி எறிகிறார்கள். எதையும் ஆளமுடியும் என்ற செருக்கை முதற்காட்சியில் குப்புறத் தள்ளிச் சிரித்த நாடகம், கடைசிக் காட்சியில் பெரிய விசையைக் கையில் வைத்திருப்பவனே வெல்வான் என்று முடிகிறது. அப்பொறி தடுமாறியபோது பூமியில் புயலுக்கு இரையானவர்கள் வானொலிச் செய்தியாக மட்டுமே வருகிறார்கள். ஒரு முகமும் காட்டப்படவில்லை. தன் கப்பலைத் தானே செலுத்த இயலாத டாக்டர், உலகத்து வானிலையை ஒரு சிலர் கையில் கொடுத்திருப்பதைப் பற்றி ஒரு சொல்லேனும் கேட்டிருக்க வேண்டாமா? கேட்கவில்லை. நாடகம் தன் கையிலிருந்த நல்ல வினாவைத் தானே நழுவவிட்டது என்பதே நம் தீர்ப்பு.

ஆயினும் இதைப் பிள்ளைகள் பார்க்கட்டும் என்றே அந்தப் பெரியவரிடம் கூறினோம். கூடவே அமர்ந்து பாருங்கள் என்றும் கூறினோம். பார்ப்பதற்கு ஓர் இடையூறு உண்டு. பழைய ஒளிநாடாக்களை அழித்துப் புதியவற்றுக்குப் பயன்படுத்தும் வழக்கம் பி.பி.சி.யில் இருந்தமையால் முதற்பகுதியும் மூன்றாம் பகுதியும் படமாகக் கிடைப்பதில்லை. அக்காலத்து நேயர் சிலர் வீட்டில் பதிந்து வைத்த ஒலி மட்டும் எஞ்சியது. 2014இல் அவ்வொலிக்கு ஓவியப் படம் சேர்த்துத் தட்டாக வெளியிட்டனர். டார்டிஸ் தடுமாறும் காட்சியைக் கொண்டிருந்த முந்தைய கதையின் இறுதிப் பகுதியும் தொலைந்தவற்றுள் ஒன்று. ஆகவே அந்தக் கரடுமுரடான இறக்கத்தை இன்று நாம் காதால்தான் கேட்கிறோம். பொறியின் ஓலமும் மனிதரின் கூச்சலும் மட்டும். எங்கே விழுகிறோம் என்பது கேட்பவருக்கும் தெரியாது. தொலைந்ததனால் அக்காட்சி கெட்டுவிடவில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது.

1969இல் மனிதர் மெய்யாகவே இறங்கியபோதும் குறித்த இடத்தில் இறங்கவில்லை. பாறைகளைத் தவிர்க்க ஆம்ஸ்ட்ராங் கலத்தைத் தம் கையாற் செலுத்தி, ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் தள்ளி இறக்கினார். 2019 செப்டம்பரில் நம் நாட்டு விக்ரம் கலம் நிலவில் மோதிச் சிதைந்தது. 2023 ஆகஸ்ட் 23 அன்று அதன் தம்பி பத்திரமாகத் தரை தொட்டது.

நாடகத்தின் இறுதியில் டாக்டர் தோழர்களோடு கப்பலுக்குத் திரும்புகிறார். பாடம் கற்றவராகத் தெரியவில்லை. வரப்போவதைக் காட்டும் கருவி ஒன்றை இயக்கிப் பார்க்கிறார். திரையில் பெரியதொரு கொடுக்கு தெரிகிறது. அது எதனுடையது, எந்த ஊர், எந்த ஆண்டு, ஒன்றும் விளங்கவில்லை. கப்பல் புறப்பட்டுவிட்டது.