நீதிமொழிகள் 8:22: ஏரியஸுக்கு நாம் கூறும் மறுமொழி

ஏரியஸ் வாதத்தைப் பற்றித் திருச்சபை வரலாற்று வகுப்பில் கேளாத இறையியல் மாணவர் இரார். நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலெக்சாந்திரியாவின் மூப்பர் ஒருவர், குமாரன் படைக்கப்பட்டவர், அவர் இராத காலம் ஒன்று உண்டு எனப் போதித்தார் என்பதும், கி.பி. 325-இல் கூடிய நிசேயா சங்கம் அப்போதனையை விலக்கிற்று என்பதும் நாம் தேர்வுத்தாளில் எழுதிய விடைகள். ஆயின் அவ்வாதம் எந்தத் திருமறைப் பகுதியைப் பற்றுக்கோடாகக் கொண்டது, நம் பிதாக்கள் அளித்த மறுமொழி அப்பகுதிக்கு எவ்வளவு உண்மையாயிருந்தது என்று நாம் கேட்பது அரிது. அதே வசனத்தைக் கையிற்கொண்டு யெகோவாவின் சாட்சிகள் நம் சபையாரின் வாசற்படியில் நிற்கிறபடியால், இக்கேள்வியைத் தள்ளிப்போட இடமில்லை.

அவ்வசனம் நீதிமொழிகள் 8:22. ஞானம் தன்னைக் குறித்துப் பேசுகிறது. கர்த்தர் தம் செயல்களுக்கு முன்னே தனக்கு என்ன செய்தார் என்று அது சொல்லுமிடத்தில் வரும் ஒரு வினைச்சொல்லே பிணக்கு அனைத்திற்கும் வித்து. தமிழில் பழைய திருப்புதலை வாசிப்போர் 'கொண்டிருந்தார்' என்று காண்பர். 1995-இல் வெளிவந்த திருவிவிலியத்தை வாசிப்போர் 'படைத்தார்' என்று காண்பர். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் சபையார் கலங்குவது இயல்பு. அவர்கள் போதகரிடம் வரும்போது, புதிய மொழிபெயர்ப்பு கெட்டுப்போனது, பழையதையே பிடித்துக்கொள்ளுங்கள் என்று கூறி அனுப்பிவிடுவது எளிது. அது நேர்மையான விடையன்று.

எபிரேய மூலத்தில் உள்ள வினை 'கானாஹ்'. பெறுதல், சம்பாதித்தல், விலைக்கு வாங்குதல் என்பன அதன் பெருவழக்கான பொருள்கள். நீதிமொழிகள் நூலிலேயே, ஞானத்தைச் சம்பாதிக்கும்படி தந்தை மகனுக்குக் கூறும் 4:5, 7 ஆகிய இடங்களில் வருவதும் இச்சொல்லே. ஏவாள் காயீனைப் பெற்றபோது சொன்னதிலும் (ஆதியாகமம் 4:1) இதே வினை உண்டு. அங்கு வாங்குதல் என்னும் பொருள் பொருந்தாது, மகப்பேறே குறிக்கப்படுகிறது. மெல்கிசேதேக்கின் ஆசியுரையில் (ஆதியாகமம் 14:19) வானத்தையும் பூமியையும் 'உடையவர்' என்று பழைய திருப்புதல் கூறுவதை, 'படைத்தவர்' என்று கொள்வோரும் பலர். சங்கீதம் 139:13-இல் தாயின் கருவிலே மனிதன் உருவாவதைச் சொல்லும்போதும் இவ்வினையே. ஆகவே 'படைத்தார்' என்று மொழிபெயர்த்தவர்கள் மூலத்தைத் திரித்தார்கள் என்பது பொருந்தாது. அடுத்துவரும் 24, 25-ஆம் வசனங்கள் ஞானம் பிறப்பிக்கப்பட்டதாகப் பேசுவதால், பிறப்பின் சாயல் 22-ஆம் வசனத்திலும் உண்டென்று கொள்வதே இயல்பாகப் படுகிறது. மூன்று பொருளில் எதையேனும் ஒன்றை அகராதியைக் காட்டி மட்டும் நிலைநாட்டிவிட இயலாது.

பிணக்கு கிரேக்கத்தில் முற்றிற்று. செப்துவஜிந்து மொழிபெயர்ப்பு 'எக்திசென்', அதாவது 'படைத்தார்', என்று எழுதிற்று. இரண்டாம் நூற்றாண்டின் யூத மொழிபெயர்ப்பாளரான அக்கிலா 'எக்தேசத்தோ', அதாவது 'பெற்றார்', என்று எழுதினார். கிரேக்கச் செவிக்கு இவ்விரு வினைகளும் வெகு அருகானவை. ஏரியஸும் அவரைச் சார்ந்தோரும் முன்னதைக் கையாண்டனர். எபிரேய மூலத்தைப் பார்க்கவேண்டும் என்று செசரியாவின் யூசேபியஸ் சுட்டிக்காட்டினார். மற்ற மொழிபெயர்ப்புகள் வேறாக உள்ளனவென்று பின்னர் பசிலியுவும் எழுதினார். எபிரேயம் கற்ற ஜெரோம் தமது லத்தீன் மொழிபெயர்ப்பில் 'உடைமையாகக் கொண்டார்' என்ற பொருள்படும் சொல்லைத் தெரிந்துகொண்டார்.

ஏரியஸை எதிர்த்து நின்றோரில் தலையாயவர் அத்தனாசியஸ். அவர் இவ்வழியே செல்லவில்லை. ஏரியருக்கு எதிரான இரண்டாம் உரையின் பெரும்பகுதியை அவர் இந்த ஒரு வசனத்திற்கே செலவிட்டார் என்பது அதன் கனத்தைக் காட்டும். 'படைத்தார்' என்ற கிரேக்கச் சொல்லை அவர் ஏற்றுக்கொண்டே பேசுகிறார். அது வார்த்தையானவரின் தெய்வத்தன்மையைக் குறியாது, நமக்காக அவர் எடுத்த மாம்சத்தைக் குறிக்கும் என்பது அவர் விடை. இதற்கு அவர் காட்டும் முக்கியச் சான்று, செப்துவஜிந்தில் உள்ள 'செயல்களுக்காக' என்னும் தொடர். ஒருவர் எதற்காகப் படைக்கப்பட்டார் என்று சொல்லப்படும்போது அவரது உள்ளியல்பு பேசப்படுவதில்லை, அவர் ஏற்ற பணியே பேசப்படுகிறது என்று அவர் வாதிக்கிறார்.

இங்கே நாம் அந்த மகானோடு உடன்பட இயலவில்லை. 'செயல்களுக்காக' என்ற தொடர் எபிரேயத்தில் இல்லை. அங்கு உள்ளது 'செயல்களுக்கு முன்' என்பதே. அவருடைய வாதத்தின் நடுத்தூண் மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்த மரத்தால் ஆனது. மேலும் 22-ஆம் வசனம் மாம்சத்தையும், சற்றே தள்ளி 25-ஆம் வசனம் தெய்வத்தன்மையையும் குறிக்கும் என்று பிரிப்பதற்கு அப்பகுதியில் ஓர் அடையாளமும் இல்லை. மலைகள் நிலைபெறுமுன் என்று பேசும் பகுதியில் பெத்லகேமில் பிறந்த மாம்சத்தைத் தேடுவது, முன்பே முடிவுசெய்த விடைக்கு வசனத்தை வளைப்பதாகும். நிசேயா சங்கம் அறிக்கையிட்டதை நாம் முழுமனதோடு விசுவாசிக்கிறோம். இந்த விளக்கத்தை ஏற்பதற்கு அவ்விசுவாசம் நம்மைக் கட்டாயப்படுத்தாது. அத்தனாசியஸின் உண்மையான வலிமை வேறிடத்தில் இருந்தது. படைப்பு ஒன்று மற்றப் படைப்புகளை இரட்சிக்க இயலாது, திருச்சபை கிறிஸ்துவை வணங்குகிறது, படைப்பை வணங்குவது விக்கிரக ஆராதனை என்று அவர் திருமறையின் முழுநோக்கைக் கொண்டு பேசியபோது ஏரியர் திணறினர்.

இரு சாராரும் கேளாத கேள்வி ஒன்று உண்டு: இப்பகுதியில் பேசுவது யார்? நீதிமொழிகளில் ஞானம் வீதியில் நின்று கூப்பிடும் ஒரு பெண். ஒன்பதாம் அதிகாரத்தில் அவள் வீடு கட்டுகிறாள், விருந்து ஆயத்தம்பண்ணுகிறாள். அதே அதிகாரத்தின் பின்பகுதியில் மதியீனமும் ஒரு பெண்ணாகவே வாசலில் உட்கார்ந்து வழிப்போக்கரை அழைக்கிறாள். மதியீனம் என்னும் அப்பெண் எப்போது படைக்கப்பட்டாள் என்று ஒருவரும் சங்கம் கூட்டியதில்லை! இரண்டும் கவியுருவகம். ஞானத்தின் முதுமையைச் சொல்வதால் ஆசிரியர் அதன் அதிகாரத்தை நிலைநாட்டுகிறார். உலகமே அதன்படி அமைந்திருப்பதால் இளைஞனே நீயும் அதற்குச் செவிகொடு என்பதே கருத்து. இதைக் குமாரனின் வாய்மொழியாக எடுத்துக்கொண்டவர்கள் ஏரியருக்கு முன்னரே இருந்தனர். இரண்டாம் நூற்றாண்டின் யுஸ்தீன் அவர்களில் ஒருவர். அதே நூற்றாண்டின் இரேனேயுவோ இந்த ஞானத்தைப் பரிசுத்த ஆவியாகக் கொண்டார். எனவே ஆதித்திருச்சபை ஒருமுகமாக இதைக் கிறிஸ்துவுக்கு உரியதாக வாசித்தது என்றும் சொல்வதற்கில்லை.

புதிய ஏற்பாடு கிறிஸ்துவைத் தேவஞானம் என்று அழைக்கிறது (1 கொரிந்தியர் 1:24). யோவான் நற்செய்தியின் முன்னுரையிலும் கொலோசெயர் நிருபத்திலும் ஞான இலக்கியத்தின் நடை எதிரொலிக்கிறது. ஆயினும் எந்த நூலாசிரியரும் நீதிமொழிகள் 8:22-ஐ எடுத்துக் குமாரனின் தோற்றத்தை விளக்கவில்லை. உருவகத்தின் ஒவ்வொரு வினையையும் அவர்மேல் ஏற்றுவதற்கு நமக்கு உரிமை இல்லை, ஏரியருக்கும் இல்லை.

கொலோசெயர் 1:15-இல் வரும் 'முதற்பேறானவர்' என்ற பட்டத்தைப் பற்றி நீளப் பேசத் தேவையில்லை. தன் தகப்பனுக்கு இளைய மகனாகிய தாவீதை முதற்பேறானவனாக்குவேன் என்று சங்கீதம் 89:27 கூறுவதால், அது உரிமையையும் மேன்மையையும் குறிக்கும் பட்டம் என்பது தெளிவு. அடுத்த வசனமோ சகலமும் அவருக்குள் படைக்கப்பட்டதாகச் சொல்கிறது. அங்கே யெகோவாவின் சாட்சிகளின் புதிய உலக மொழிபெயர்ப்பு 'மற்ற' என்ற சொல்லைச் சேர்த்து, 'மற்ற எல்லாம்' என்று பொருள்பட வாசிக்கிறது. கிரேக்கத்தில் அச்சொல் இல்லை. கோட்பாட்டைக் காப்பதற்காக வசனத்தில் ஒரு சொல் கூட்டப்பட்டது என்று நாம் குற்றஞ்சாட்டுகிறோம்; அக்குற்றச்சாட்டு நியாயமே.

ஆனால் அக்கையோடு நம்மில் பலர் 1 யோவான் 5:7-ஐத் திறந்து, பரலோகத்தில் சாட்சியிடும் மூவரைக் காட்டித் திரித்துவத்தை நிலைநாட்டுகிறார்கள். பழைய திருப்புதலில் அவ்வாக்கியம் உண்டு. பழமையான கிரேக்கக் கையெழுத்துப் படிகளிலோ அது இல்லை. நான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லத்தீன் எழுத்துகளில் தலைகாட்டி, நெடுங்காலத்திற்குப் பின் கிரேக்கத்தில் நுழைந்தது அது. எராஸ்மஸ் தமது 1516, 1519-ஆம் ஆண்டுப் பதிப்புகளில் அதைச் சேர்க்கவில்லை. 1522-ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே சேர்த்தார். திரித்துவத்திற்காக ஆயுள் முழுவதும் போராடிய அத்தனாசியஸ் ஏரியருக்கு எதிரான உரைகளில் இவ்வாக்கியத்தைச் சான்று காட்டவில்லை என்பதே போதுமானது. கையில் இருந்திருந்தால் விட்டிருப்பாரா? இதை அறிந்த சாட்சி ஒருவர் நம் சபையாரிடம் எடுத்துக்காட்டும் நாளில், அவ்வாக்கியம் மட்டுமன்று, அதைக் கற்பித்த போதகரின் சொல் முழுவதும் ஐயத்திற்குள்ளாகும். ஆகவே நாமே அதை முன்கூட்டிச் சபைக்குக் கற்பிப்பது கடமை. திருமுறைப் பகுதியாக அவ்வதிகாரத்தை வாசிக்கும் ஞாயிற்றில் இரண்டு நிமிடம் அதற்கு ஒதுக்கினால் போதும். சபையார் அதைத் தாங்குவார்கள்.

அதனால் நம் அறிக்கை ஆதாரமற்றதாகிவிடாது. ஏசாயா 45-ஆம் அதிகாரத்தில், தம்மையன்றி வேறு தேவன் இல்லை என்று சொல்லும் கர்த்தர், முழங்கால் யாவும் தமக்கே முடங்கும் என்று ஆணையிடுகிறார். பிலிப்பியர் 2:10, 11-இல் பவுல் அவ்வாணையை எடுத்து இயேசுவின் நாமத்திற்கு உரியதாக்குகிறார். பூமிக்கு அஸ்திவாரமிட்ட கர்த்தரை நோக்கிச் சங்கீதம் 102 பாடியதை எபிரெயர் 1:10-12 குமாரனை நோக்கிச் சொன்னதாகக் கொள்கிறது. உருவகமன்று, ஐயத்துக்குரிய படியுமன்று. இஸ்ரவேலின் ஒரே தேவனுக்கு உரியதை யூதராகிய அப்போஸ்தலர் அறிந்தே இயேசுவுக்குச் செலுத்துகின்றனர். இப்பகுதிகள் வாசலில் நிற்போரின் கையிலுள்ள மொழிபெயர்ப்பிலும் உள்ளன. அவரை உள்ளே அழைத்து உட்காரவைத்து, அவருடைய புத்தகத்திலேயே அவற்றைச் சேர்ந்து வாசிக்கலாம்.