எல்லைக்கோடும் இரத்தக்கறையும்

சுவரோரம் இரண்டு குடிநீர்க் குழாய்கள். ஒன்றிலே வெள்ளை மனிதர் குடிக்கிறார்; மற்றொன்றிலே கறுப்பினச் சிறுவன் குடிக்கிறான். தண்ணீர் ஒன்றுதான், தாகமும் ஒன்றுதான், குழாய் மட்டும் இரண்டு! ஆலன் பார்க்கர் இயக்கத்தில் 1988-ல் வெளிவந்த 'மிசிசிப்பி பர்னிங்' என்னும் அமெரிக்கப் படம் இந்தக் காட்சியோடு தொடங்குகிறது. ஏடு ஏடாக எழுதி விளக்க வேண்டிய கொடுமையை நொடிப்பொழுதில் உணர்த்திவிடும் காட்சி. பாராட்டுகிறோம்.

ஆனால் நம் பாராட்டு நெடுந்தூரம் செல்ல மறுக்கிறது. அண்மையில் நமது படிப்பகத்திலே நண்பர்கள் சிலர் கூடி அப்படத்தைப் பார்த்தோம். முடிந்ததும் இளைஞர் ஒருவர் எழுந்து கேட்டார்: "மூவரைக் கொன்றார்கள். கொன்றவர் இன்னார் என்பதும் தெரிந்துவிட்டது. பிறகு ஏன் கொலைக் குற்றம் சாட்டவில்லை? உரிமையைப் பறித்ததாக அல்லவா வழக்குப் போடுகிறார்கள்! உயிரைப் பறித்தது குற்றமில்லையா?"

நல்ல கேள்வி. இரண்டு மணி நேரம் ஓடிய படம் விடை கூறாமல் விட்ட கேள்வி. அதற்கு விடை தேடினால், படத்தின் சிறப்பும் சிறுமையும் தாமே விளங்கிவிடும்.

படம் கூறும் கதை இது. குடியுரிமைத் தொண்டர் மூவர் காணாமற் போகின்றனர். மத்திய அரசின் புலனாய்வுத் துறையாகிய எப்.பி.ஐ.யிலிருந்து அதிகாரிகள் இருவர் வருகின்றனர். ஒருவர் விதிப்புத்தகத்தை விட்டு விலகாதவர். வில்லெம் டஃபோ நடித்திருக்கிறார். மற்றவர் தென்பகுதி ஊர்களின் நெளிவு சுளிவு அறிந்த முன்னாள் ஷெரீப். ஜீன் ஹாக்மன் நடித்திருக்கிறார். முதலாமவரின் முறை பலிக்கவில்லை. இரண்டாமவரின் மிரட்டலும் உதையும் பலிக்கின்றன. வெறியர்கள் சிக்குகின்றனர்; நீதி வென்றது என்று திரை விழுகிறது. கொலை வழக்குக்கு மாறாக உரிமைப் பறிப்பு வழக்கைத் தொடுக்கும் முடிவோ, கைதேர்ந்தவரின் தந்திரம் போல, ஓரிரு சொற்களில் வந்து மறைந்துவிடுகிறது.

கதை கிடக்கட்டும், நடந்ததைக் காண்போம்.

1964 ஜூன் 21. மிசிசிப்பி மாநிலத்தில், நம் மாவட்டம் போன்ற ஆட்சிப் பகுதியாகிய நெஷோபா கவுண்டி. ஜேம்ஸ் சேனி, 21 வயது, அம்மாநிலத்துக் கறுப்பின இளைஞர். ஆண்ட்ரூ குட்மன், வயது 20. மைக்கேல் ஷ்வெர்னர், வயது 24. இருவரும் நியூயார்க்கைச் சேர்ந்த வெள்ளையர். கறுப்பின மக்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்கும் இயக்கத்தின் தொண்டர்கள். வெறியர் எரித்த கறுப்பினத் தேவாலயம் ஒன்றைப் பார்த்துவரச் சென்ற அம்மூவரையும், காரை விரைவாக ஓட்டினர் என்று கூறி, துணை ஷெரீப் செசில் பிரைஸ் சிறையில் அடைத்தார். இரவு பத்தரை மணியளவில் விடுவித்தார். விடுவித்தாரா? வேட்டைக்கு விட்டார்! பின்தொடர்ந்து மறித்துப் பிடித்து, கூ க்ளக்ஸ் க்ளான் கும்பலின் கையில் ஒப்படைத்தவரும் அவரே. மூவரும் சுட்டுக் கொல்லப்பட்டு, மண் அணையொன்றின் அடியில் புதைக்கப்பட்டனர். 44 நாட்கள் கழித்து, ஆகஸ்ட் 4-ல், துப்புத் தந்தவரின் தகவலால் உடல்கள் தோண்டி எடுக்கப்பட்டன.

இனி நண்பரின் கேள்விக்கு வருவோம். நம் நாட்டிலே காவல் துறை மாநிலத்தின் கையிலிருந்தாலும், பொதுவான குற்றச் சட்டம் நாடு முழுமைக்கும் ஒன்று. அமெரிக்காவில் அப்படியில்லை. 50 மாநிலங்களுக்கும் தனித்தனியே குற்றச் சட்டம், தனித்தனியே நீதிமன்றம், தனித்தனியே அரசு வழக்கறிஞர். கொலையும் கொள்ளையும் மாநிலச் சட்டத்துக்கு எதிரான குற்றங்கள். மாநிலமே தண்டிக்க வேண்டும். மத்திய அரசு தலையிட வேண்டுமானால் அரசியல் சட்டம் அளந்து கொடுத்த பிடி ஏதேனும் இருக்க வேண்டும். கொலையுண்டவர் மத்திய அரசின் பணியிலிருந்த அலுவலர் என்றால் அது ஒரு பிடி. மத்திய அரசுக்குரிய நிலத்தில் கொலை நடந்தது என்றால் அது ஒரு பிடி. கடத்தப்பட்டவர் மாநில எல்லை தாண்டிக் கொண்டுசெல்லப்பட்டார் என்றால் அதுவும் ஒரு பிடி. நெஷோபாவில் அத்தகைய பிடி எதுவும் இல்லை. கொலை மிசிசிப்பிக்குரியது. மிசிசிப்பியோ கொலை வழக்கே தொடுக்கவில்லை! பூட்டு ஒருவர் வீட்டில். சாவி திருடனின் மடியில்!

மத்திய அரசு வழக்கறிஞர்கள் பழஞ்சட்டம் ஒன்றைத் தேடி எடுத்தனர். உள்நாட்டுப் போர் முடிந்து, அடிமைத்தளை அறுபட்ட காலத்திலே, க்ளான் வெறியரை அடக்க 1870-ல் இயற்றப்பட்டது அது. அரசியல் சட்டம் தந்த உரிமையை ஒருவர் துய்க்க விடாமல் தடுக்கச் சதி செய்வது குற்றம் என்றது. ஆனால் 1873-ல் லூசியானா மாநிலத்தின் கால்ஃபாக்ஸ் ஊரில் கறுப்பின மக்களைக் கூட்டமாகக் கொன்று குவித்தவர்கள் மீது அச்சட்டத்தை ஏவியபோது, 1876-ல் குரூக்ஷாங்க் வழக்கிலே உச்சநீதிமன்றம் அதன் பல்லைப் பிடுங்கிவிட்டது. தனி ஆட்கள் செய்யும் கொடுமையைத் தண்டிப்பது மாநிலத்தின் வேலை என்றது. மாநிலமே கொடியவரின் கையில் இருந்தால் என்ன செய்வது என்ற கேள்வி கேட்பாரின்றிக் கிடந்தது.

1964-ல் அந்தப் பல் போன சட்டத்துக்கும் ஒரு பிடி கிடைத்தது. பிரைஸ் தனி ஆள் இல்லை, அரசு அலுவலர். அவர் கைது செய்தது அரசின் பெயரால். அடைத்தது அரசின் சிறையில். ஆகவே, சட்டப்படியான விசாரணையின்றி உயிர் பறிக்கப்படாதிருக்கும் உரிமையை அரசு அலுவலரோடு சேர்ந்து பறிக்கச் சதி செய்தனர் என்று குற்றம் சாட்டினர். நண்பரே, உங்கள் கேள்விக்கு விடை இதுதான். உயிரைப் பறித்ததற்கு வழக்குப் போடும் அதிகாரம் மத்திய அரசுக்கு இல்லை. உரிமையைப் பறித்ததற்குத்தான் இருந்தது. சதியிலே சீருடை அணிந்த கை ஒன்று இல்லாதிருந்தால் அந்த நூலிழையும் அறுந்திருக்கக்கூடும்.

அந்த இழையையும் அறுக்க முயன்றவர் யார்? மத்திய நீதிமன்றத்தின் நீதிபதியே! ஹரால்ட் காக்ஸ் என்பவர் 1965-ல் முதன்மைக் குற்றச்சாட்டைத் தள்ளுபடி செய்தார். 1966-ல் உச்சநீதிமன்றம் ஒருமனதாக அதை மீட்டது. 1967 அக்டோபரில் மெரிடியன் நகரில் 18 பேர் மீது விசாரணை. ஜூரிமார் பன்னிருவரும் வெள்ளையர். 7 பேர் குற்றவாளிகள். 8 பேர் விடுதலை. எஞ்சிய மூவரைப் பற்றி ஒருமித்த முடிவு இல்லை. அம்மூவரில் ஒருவர் எட்கர் ரே கில்லன் என்னும் கிறித்தவப் போதகர்; கூட்டத்தைத் திரட்டியவர். பதினொருவர் குற்றவாளி என்றும், எஞ்சிய ஒருவர் போதகரைத் தண்டிக்க மனம் வரவில்லை என்றும் நின்றதாகச் செய்தி. சமய வேடம் சட்டத்தின் கண்ணையும் கட்டிவிட்டது! அச்சட்டப்படி உச்சத் தண்டனையே பத்தாண்டுதான். அது கிடைத்தது க்ளான் தலைவர் சாம் பவர்ஸ் உள்ளிட்ட இருவருக்கு மட்டுமே. பிரைசுக்கு ஆறாண்டு. மூன்று உயிர்களுக்கு ஈடாக எவரும் ஆறாண்டுக்கு மேல் சிறையில் இருக்கவில்லை. மரணம் விளைந்தால் ஆயுள் தண்டனை வரை விதிக்கலாம் என்ற திருத்தம் 1968-ல் வந்தது; காலம் கடந்து வந்தது.

இப்போது படத்துக்குத் திரும்புவோம். ஹாக்மனின் நடிப்பு சிறந்தது, மறுப்பாரில்லை. ஆனால் படம் அவரை என்னவாக ஆக்குகிறது? ஊழல் மலிந்த ஊருக்குள் வந்து, அடித்து நொறுக்கி அறத்தை நாட்டும் அவதாரமாக ஆக்குகிறது. நாட்டிலே நீதி பிறக்காதது வலிய கை வராததால்தான் என்று பார்ப்போரை நம்ப வைக்கிறது. கறுப்பின மக்களோ வாய் மூடி, கண்ணீர் வடித்து, மீட்பரை நோக்கி நிற்கின்றனர். உண்மையில், வாக்குரிமை கேட்டு அடிபட்டவர்களும், வீடு எரிய வேடிக்கை பார்க்க மறுத்து எழுந்தவர்களும், தூங்கிக் கிடந்த மத்திய அரசைத் தட்டி எழுப்பியவர்களும் அம்மக்களே. படம் அவர்களின் போராட்டத்தை எடுத்து அதிகாரியின் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டது. இது கலையின் குறை மட்டுமில்லை, கருத்தின் குறை.

மற்றொரு மயக்கத்தையும் படம் ஊட்டுகிறது: மத்திய அரசு நல்லது, மாநிலம் கெட்டது என்பது அது. நீதிபதி காக்ஸ் மத்திய அரசின் நீதிபதி என்பதை முன்னரே கண்டோம். மத்திய அரசின் கையும் எப்போதெல்லாம் நீண்டது என்று பாருங்கள். 1966-ல் பென் செஸ்டர் ஒயிட் என்னும் கறுப்பின முதியவர் மிசிசிப்பியிலே கொல்லப்பட்டார். குற்றம் சாட்டப்பட்ட எர்னஸ்ட் அவன்ட்சை மாநில நீதிமன்றம் விடுதலை செய்தது. பல்லாண்டுகளுக்குப் பின், கொலை நடந்த இடம் ஹோமோசிட்டோ தேசிய வனம், அதாவது மத்திய அரசின் நிலம் என்பது கவனத்துக்கு வந்தது. மாநிலமும் மத்திய அரசும் தனித்தனி இறையாண்மைகள். ஒன்று விடுவித்தாலும் மற்றொன்று விசாரிக்கலாம் என்பது அந்நாட்டு நெறி. 2019-லும் உச்சநீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்நெறிப்படி 2003-ல் மத்திய நீதிமன்றம் அவன்ட்சைத் தண்டித்தது. 1964-ல் ஹென்றி டீ, சார்லஸ் மூர் என்னும் இளைஞர் இருவரைக் கடத்திக் கொன்ற வழக்கிலே, 2007-ல் ஜேம்ஸ் ஃபோர்டு சீல் தண்டிக்கப்பட்டதும், அவர்களை மாநில எல்லை தாண்டிக் கொண்டுசென்றதைப் பிடியாகக் கொண்டே.

மரம் நின்ற மண் எவருடையது, வண்டி எந்தக் கோட்டைத் தாண்டியது என்பவற்றைக் கொண்டா ஒரு மனிதனின் உயிருக்கு விலை காண்பது? சில அடி தள்ளிக் கொன்றிருந்தால் கொலைகாரன் வீட்டில் நிம்மதியாகச் செத்திருப்பான்! எல்லைக்கோடு வரைபடத்துக்கு வேண்டும். ஆட்சி நடக்கவும் வேண்டும். ஆனால் அந்தக் கோட்டின் மறைவில் இரத்தக்கறையைக் கழுவிக்கொள்ள இடம் கிடைத்தால், அந்த ஏற்பாட்டிலே எங்கோ ஓட்டை இருக்கிறது என்று பொருள்.

எங்கே ஓட்டை? கண்டுபிடிப்பது கடினமில்லை. ஜூரிமார் வாக்காளர் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டனர். ஷெரீப் வாக்கால் தேர்ந்தெடுக்கப்பட்டவர். அரசு வழக்கறிஞரும் அப்படியே. 1964-ல் மிசிசிப்பியில் வாக்களிக்கும் வயதடைந்த கறுப்பின மக்களில் நூற்றுக்கு ஏழு பேர்கூடப் பட்டியலில் இல்லை. வாக்கில்லை, ஆகவே ஜூரிப் பெட்டியில் இடமில்லை, ஆகவே கொன்றவனைத் தண்டிக்க ஆளில்லை. அந்தச் சங்கிலியின் முதற்கண்ணியை உடைக்கத்தான் மூவரும் சென்றனர். அதனால்தான் கொல்லப்பட்டனர்! அடுத்த ஆண்டே, 1965-ல், வாக்குரிமைச் சட்டம் வந்தது.

படம் வெளிவந்து 17 ஆண்டுகள் கழித்து நடந்ததுதான் அதற்குத் தக்க மறுப்புரை. 2005-ல், அதே நெஷோபா கவுண்டியில், அதே மிசிசிப்பி மாநிலத்தின் நீதிமன்றத்தில், மாநில வழக்கறிஞர் தொடுத்த வழக்கில், 80 வயதுப் போதகர் கில்லன் குற்றவாளிக் கூண்டில் நின்றார். ஜூரியில் வெள்ளையர் ஒன்பதின்மர், கறுப்பினத்தவர் மூவர். மூவர் மரணத்துக்கும் அவரே பொறுப்பு என்று தீர்ப்புக் கூறினர். கொலைக் குற்றம் என்று கூறாமல் அதனினும் குறைந்த மனிதச் சாவுக் குற்றம் என்றுதான் கூறினர். ஆயினும் தண்டனை 60 ஆண்டுகள். தீர்ப்பு வந்த நாள் ஜூன் 21. சரியாக 41 ஆண்டுகள்! 2018-ல் அவர் சிறையிலேயே இறந்தார். மத்திய அரசால் 1967-ல் செய்ய முடியாததை மாநிலம் 2005-ல் செய்தது. மாநிலம் மாறவில்லை, சட்டத்தின் எல்லை மாறவில்லை, கொலைக்கு மாநிலமே பொறுப்பு என்ற நெறியும் மாறவில்லை. பட்டியலிலும் பெட்டியிலும் அமர்ந்திருந்த மக்கள் மாறினர்.

மாநில உரிமை என்ற சொல் நமக்கு இனிக்கும் சொல். அதனாலேயே எச்சரிக்கை வேண்டும். மிசிசிப்பியின் வெறியரும் அதே சொல்லைத்தான் கேடயமாகப் பிடித்தனர். மாநிலத்துக்கு உரிமை வேண்டும் என்போர், மாநிலத்துக்குள் கடைசி மனிதனுக்கும் அந்த உரிமை சென்று சேர்ந்ததா என்று கேட்டாக வேண்டும். கேளாவிட்டால், தூரத்து எசமானனை விரட்டி ஊர் எசமானனை அமர்த்திய கதையாகும். மத்தியில் அதிகாரத்தைக் குவித்தால் தீரும் என்போரும் நீதிபதி காக்சை மறந்துவிடக் கூடாது.

படத்தைப் பாருங்கள் நண்பர்களே. அந்த இரண்டு குழாய்களுக்காகவேனும் பாருங்கள். முடிந்ததும், அடித்து வென்ற அதிகாரிக்குக் கை தட்டிவிட்டு எழுந்துவிடாதீர்கள். ஜூரிப் பெட்டியில் அமர்ந்திருந்தவர் யார், அமர முடியாதவர் யார் என்று ஒருவரையொருவர் கேட்டுப் பாருங்கள். படிப்பகத்தில் எழுந்து நின்ற அந்த இளைஞரைப் போல!