புலமுணர் பாய்மமும் தமிழ்க் கலைச்சொல்லும்

பொருள் வேறுபடும் இடத்துத் தானும் வேறுபடுதல் கலைச்சொல்லின் முதற்கடன். இக்கடனில் நம் அறிவியல் மொழிபெயர்ப்புகள் யாண்டு வழுவுகின்றன என்பதைச் சிறிய எடுத்துக்காட்டு ஒன்றால் ஈண்டு ஆராய்வாம்.

மதுரைக்கு அணித்தாய், யானைமலையின் அடிவாரத்தில் அமைந்த ஒத்தக்கடையில் முதுகலை மாணவர் சிலருடன் அறிவியற் கட்டுரை ஒன்றைத் தமிழாக்கிப் பார்த்தோம். மின்புலத்துக்கும் காந்தப்புலத்துக்கும் ஏற்பத் தன்மை மாறும் பாய்மங்களையும், அவற்றில் இடப்பெறும் பாலிமர் பூசிய நானோ துகள்களையும் பற்றியது அக்கட்டுரை. மாணவர் எழுதிய முதல் தொடர் இது: "நுண்துகள் கலந்த திறன்மிகு திரவம் காந்தத்தின் அருகே கெட்டியாகும்." இதன்கண் இலக்கண வழு இல்லை, பொருள் வழு உண்டு. அவ்வழு மாணவருடையது அன்று. அவர்க்கு நாம் அளித்த சொற்களுடையது.

இப்பாய்மங்கள் ஒரே வகையின அல்ல. 1947இல் வில்லிஸ் வின்ஸ்லோ அமெரிக்கக் காப்புரிமை பெற்ற முறையில், எண்ணெயில் கலந்த துகள்கள் மின்புலத்தில் சங்கிலிபோற் கோவைபட்டு எண்ணெயை இறுகச் செய்தன. 1948இல் ஜேக்கப் ராபினோ, இரும்புத்துகள் கலந்த எண்ணெயைக் காந்தத்தால் இறுக்கிக் கிளச்சு ஒன்றை அமைத்தார். இவ்வகைக் காந்த நீர்மங்களின் இரும்புத்துகள் பொதுவாகச் சில மைக்ரோமீட்டர் விட்டமுடையது. 1963இல் நாசாவைச் சார்ந்த ஸ்டீபன் பாப்பெல் ஆக்கிய பாய்மமோ வேறு. எடையற்ற விண்வெளியில் எரிபொருளைக் காந்தத்தால் ஈர்த்துச் செலுத்துதற்கென எண்ணப்பட்டது அது. இவ்வகையின் துகள் ஏறத்தாழ 10 நானோமீட்டரே. அச்சிறுமையால், வெப்ப அசைவே துகளைப் படியவிடாது காக்கும். காந்தம் அணுகின், நீர்மம் முழுதும் அதன்பாற் செல்லும். ஆயின் பெரிதும் இறுகாது.

எனவே, இறுகுவதா இழுபடுவதா என்பதைத் துகளின் அளவே பெரிதும் உறுதி செய்கிறது. நாமோ இரண்டையும் 'நுண்துகள்' என்கிறோம். 'நுண்ணோக்கி', 'நுண்ணுயிர்' என்னும் ஆட்சிகளால் 'நுண்' என்பது மைக்ரோ அளவுக்கு உரியதாகிவிட்டது. ஆயிரத்தில் ஒரு பங்காகிய நானோவுக்கும் அதனையே தருதல் பொருந்தாது. 'மீநுண்' என்பார் உளர். அச்சொல் மிகுதியைக் காட்டும், அளவைக் காட்டாது. நானோமீட்டர் என அலகை எழுதும் நாம் துகளை மட்டும் வேறு பெயரால் அழைப்பது ஏன்? 'நானோ' என்னும் கடன்சொல்லையே கொள்க என்போம்.

நானோ துகளும் புலத்தின் திசையில் வரிசை கொள்வதுண்டே எனின், உண்மையே. கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் ஜான் பிலிப் முதலியோர், அத்தகைய வரிசையால் நீர்மத்தின் வெப்பக் கடத்தல் பெரிதும் மிகுவதை 2007இல் காட்டினர். ஆயினும் வெப்பத்தைக் கடத்தும் வரிசை வேறு. நீர்மத்தைத் திண்பொருள்போல் நிறுத்தும் வன்மை வேறு. இந்நுட்பத்தைக் கூறுதற்கும் அளவைப் பிரித்துக் காட்டும் சொல் வேண்டும்.

இனி, 'திறன்மிகு' என்னும் அடையை நோக்குவாம். 'ஸ்மார்ட்' என்ற ஒரு சொல் நம்மிடையே 'திறன்பேசி' எனவும், 'திறன்மிகு வகுப்பறை' எனவும், 'சீர்மிகு நகரம்' எனவும் பலவாறு வழங்குகிறது. 2016இல் தேர்வுபெற்ற மதுரையும் சீர்மிகு நகரமே. இவை புகழ்ச்சொற்கள், இயல்பைக் கூறுவன அல்ல. மக்கள் பெயரிடும் முறையோ வேறு. 'தொட்டாற்சுருங்கி' என்ற பெயர் அச்செடியைப் புகழவில்லை. தொடுதலாகிய காரணத்தையும் சுருங்குதலாகிய விளைவையும் ஒருங்கே கூறுகிறது. அந்நெறியில், இறுகும் வகையைக் 'காந்தத்திறுகு பாய்மம்', 'மின்புலத்திறுகு பாய்மம்' எனவும், இழுபடும் வகையைக் 'காந்தப் பாய்மம்' எனவும், இவையனைத்தையும் 'புலமுணர் பாய்மம்' எனவும் வழங்கலாம். 'புலம்' என்பது விளைநிலத்தையும் பொறியுணர்வையும் ஒருங்கு குறிக்கும் பழஞ்சொல். ஒத்தக்கடையில் 1965இல் தோன்றிய வேளாண்மைக் கல்லூரியின் வயலும் புலமே. இயற்பியலார் கூறும் காந்தப்புலமும் புலமே. இச்சொற்றொடர் வலிந்து புனைந்ததன்று என்பது இதனாற் போதரும்.

எஞ்சியது 'பாலிமர் பூசிய' என்பது. 'பலபடி' என்பது 'பல வகையாக' எனவும் பொருள்பட்டு மயங்குதலின், 'பல்லுறுப்பி' என்பதே தெளிவு. 'பூச்சு' என்பதோ இவ்விடத்துப் பெருந்தீங்கு செய்கிறது. மேற்பூச்சு என்றால் உள்ளீடற்றது என்பதன்றோ நம் வழக்கு? ஈண்டோ அது தொழிலிற் பாதி. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாது விலக்குவதும், இரும்பைத் துருவினின்று காப்பதும், கனத்தைக் குறைத்துப் படிதலைத் தாழ்த்துவதும் அதன் பணி. காந்தமுணரும் கருவைப் பாலியனிலின் போன்ற பல்லுறுப்பி சூழின், கரு காந்தப்புலத்துக்கும் சூழ்ந்தது மின்புலத்துக்கும் இயையும். 'உறை' எனலாமோ எனின், இறுகும் நீர்மத்தைப் பேசுமிடத்து 'உறைதல்' என்பதனோடு மயங்கும். ஆதலின் 'போர்த்த' என்பதே தக்கது.

1916இல் இராசாசியும் வெங்கடசுப்பையரும் சேலத்தில் கலைச்சொற்பணி தொடங்கிய காலந்தொட்டு, தூய சொல்லா கடன்சொல்லா என்னும் வழக்கே நம்மிடை மிக்குள்ளது. ஈண்டு 'புலம்', 'போர்த்த' என்பவற்றைத் தமிழினின்றும், 'நானோ' என்பதைப் பிறமொழியினின்றும் கொண்டோம். இரண்டிடத்தும் அளவுகோல் ஒன்றே: இயற்கை பிரித்து வைத்ததைச் சொல் கலக்கலாகாது.

மாணவர் தொடர் இனி இவ்வாறாகும்: "மைக்ரோ அளவின் இரும்புத்துகள் கோவைபட்டுப் பாய்மத்தை இறுகச் செய்யும்; பல்லுறுப்பி போர்த்த காந்த நானோ துகள் படியாது நின்று பாய்மத்தைக் காந்தத்தின்பாற் செலுத்தும்." முன்னையதினும் இது நீண்டதே. ஆயினும் இதனைக் கற்ற மாணவர் ஆய்வுக்கூடம் புகின், தாம் கற்றதையே அங்குக் காண்பர்.