பெட்டியில் எழுதியதும் மாறியில் இருப்பதும்

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை ரியூசன் வகுப்புகளில் உயர்தரத்துக்குப் பைதன் படிக்கும் பிள்ளைக்கு முதல் நிரல் இலகு. கேள்வி கேட்கும், பதிலுக்குக் காத்திருக்கும், வந்ததை மாறியில் போடும். யன்னலும் பெட்டிகளும் வந்தவுடன் இந்த ஒழுங்கு குலைகிறது. பயனர் எந்தப் பெட்டியிலும் எப்போதும் எழுதலாம், பாதியில் அழிக்கலாம். அதை மாறிக்குக் கொண்டுசேர்ப்பது யார்? இந்தக் கேள்விக்குக் கிடைத்த விடைகளில்தான் வழிகள் பிரிந்தன.

1991இல் வந்த விசுவல் பேசிக் அந்தப் பொறுப்பை நிரலாளரிடமே விட்டது. பொத்தானை அழுத்தும்போது பெட்டியை வாசித்து மாறியில் வை. மாறியின் மதிப்பு மாறினால் திரும்பப் பெட்டியில் எழுது. ஒரு வரி தவறினால் திரை ஒன்று காட்டும், கணக்கு வேறொன்று சொல்லும். ஆனாலும் எது எப்போது நடக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். பழைய வழி என்று இதை நான் தள்ளமாட்டேன்.

இரண்டாவது வழிக்கு மூலம் 1970களின் கடைசியில் செராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் நோர்வேக்காரர் டிரிக்வே ரீன்ஸ்காக் வகுத்த அமைப்பு. தரவு வேறு, தோற்றம் வேறு. தரவு மாறினால் தோற்றத்துக்குச் செய்தி போகும். பேர்க்லியில் ஜோன் ஔஸ்டர்ஹௌட் உருவாக்கிய டிகே என்னும் யன்னல் கருவித்தொகுதி இதைச் சுருக்கியது: பெட்டிக்கு மாறியின் பெயரைச் சொன்னால் போதும், ஒன்று மாற மற்றதும் மாறும். பைதனின் டிகிண்டரில் உள்ள ஸ்ட்ரிங்வார் இதன் வாரிசு. 2010இல் ஆங்குலர் இதை இணையப் பக்கங்களில் பரப்பியது.

2013இல் வெளிவந்த ரியாக்ட் எதிர்த் திசையில் போனது. அங்கே மாறி சொல்வதைத்தான் பெட்டி காட்டும். மாற்றத்தைக் கையாளும் வரியை எழுதாவிட்டால் எவ்வளவு தட்டினாலும் எழுத்து விழாது.

எந்த வழியானாலும் தரத்தை நமது படிவங்களே சோதித்துவிடும். இலங்கையின் பழைய அடையாள அட்டை இலக்கம் 9 இலக்கமும் ஓர் எழுத்தும். 2016 முதல் 12 இலக்கம். எழுத்தை வெட்டி 32 பிட் முழுவெண் மாறியில் வைத்த நிரலுக்குப் பழையது கொள்ளும், புதியது கொள்ளாது; அந்த மாறியின் எல்லை 2,147,483,647. தொலைபேசி இலக்கத்தை எண்ணாக வைத்தால் முன்னிருக்கும் பூச்சியம் போய்விடும். டிகிண்டரின் முழுவெண் மாறியான இன்ட்வாருடன் இணைத்த பெட்டியைப் பயனர் அழித்துவிட்டால், மாறியை வாசிக்கும் இடத்தில் பிழை எழும்.

தமிழில் இன்னொரு சிக்கல். யூனிகோடில் 'கொ' இரண்டு குறியீடுகளாகவும் வரலாம், கொம்பும் காலும் பிரிந்து மூன்றாகவும் வரலாம். திரையில் வேறுபாடு தெரியாது; தேடினால் அகப்படாது. பெட்டிக்கும் மாறிக்குமான இணைப்பு இரு வடிவையும் வந்தபடியே கொண்டுபோகும். ஒரே வடிவுக்குக் கொண்டுவருவது நிரலாளர் வேலை. எழுதியதை எழுத்தாகவே வைத்திருந்து, சரிபார்த்த பிறகு மதிப்பாக்கும் நிரலே தேறியது என்பேன்.

செயற்றிட்டம் திருத்தும் ஆசிரியர்களே, ஒரு வெறும் பெட்டி, ஒரு 12 இலக்க அடையாள அட்டை இலக்கம், இரு விதமாகத் தட்டிய 'கொட்டாஞ்சேனை', இவற்றைக் கொடுத்துப் பார்த்துவிட்டுப் புள்ளி போடுங்கள்.